முதல் பூக்காரரின் இடது கால்

என் மாமாவின் இடது காலைத் தின்றது எங்கள் ஊர்ப் பூக்குழிக் கமிட்டி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போன மாதம் ஊரிலிருந்து திருவிழா மலர் ஒன்று தபாலில் வந்தது. வழவழப்பான தாள். நடுப்பக்கம் முழுக்க மாமாவின் பழைய படம். மஞ்சள் வேட்டி, கழுத்து கொள்ளாத மாலை, கையில் வேப்பங்கொத்து, கீழே இரண்டு வெறுங்கால்கள். படத்துக்கு அடியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ‘தீ தீண்டாத பாதம்.’ எழுதியிருப்பவர் இன்றைய கமிட்டித் தலைவர். படம் எடுத்த காலத்தில் அவர் செயலாளர், முப்பது வயது இருக்கும். தலைவரே, தீ தீண்டாத பாதம் என்று எழுதினீர்களே, அந்தப் பாதம் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு வாளிக்குள் துணி போட்டு மூடிப் போனதை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. பார்க்க வரவும் இல்லை.

எனக்கு எழுத்து பழக்கமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, முப்பது வருஷத்துக்கு மேல் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் நான். அதில் பாதிக்கு மேல் கால் புண். ஆகையால் கால்களைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறி, ரோட்டில் இறங்கி, ஒன்றரை மைல் நடக்கவேண்டும். மிளகாய் வத்தலும் மல்லியும் பருத்தியும் விளைகிற ஊர். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அறுபதுகளில் அந்த ஊர் மனிதர்களை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்குப் பாதங்கள்தான் ஞாபகம் வருகின்றன. கோடையில் கரிசல் வெடிப்பது போல வெடித்த குதிகால்கள். அந்த வெடிப்புக்குள் மண் புகுந்து, மண்ணோடு சேர்ந்து தோல் தடித்து, நடக்கும்போது ரத்தம் கசியும். கருவேல முள் ஒடிந்து உள்ளேயே தங்கி, அதைச் சுற்றி ஆணி வளர்ந்து, பாதி ஊர் விந்தி விந்தி நடக்கும். ஆணிக்குச் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்து வைப்பார்கள். முள் குத்தின இடத்தில் எருக்கம்பால். நாவிதரிடம் போய் சவரக் கத்தியால் சீவிக்கொண்டு வந்து, இரண்டு நாள் கழித்து நெறி கட்டிக் காய்ச்சலில் படுப்பார்கள். ஆனால் வண்டி மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் மட்டும் மறுநாளே டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த ஊரில் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். வத்தல் வாங்கி விற்கிறவர். பிள்ளை இல்லை. அதனால் என்னை அவரும் அத்தையும்தான் தூக்கி வளர்த்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. அவருடைய களத்தில் தை மாசியில் வத்தல் சிவப்பாய்க் காய்ந்து கிடக்கும். அதைக் கிளறுகிறவர்கள் காலால்தான் கிளறுவார்கள். பாதத்தைத் தரையோடு ஒட்டி வைத்து, இழுத்து இழுத்து நடந்தால் அடியில் கிடப்பது மேலே வரும். குதிகால் வெடித்தவனுக்கு அது நரகம். காரம் வெடிப்புக்குள் இறங்கினால் ஆள் குதிப்பான். சாயந்தரம் எல்லாரும் மோரில் காலை நனைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருஷம் மாமாவே இறங்கிக் கிளறினார். அவருடைய குதிகாலில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. அரை நாள் நடந்தார். முகம் கூடச் சுளிக்கவில்லை.

“ஏலே, மொதலாளி காலப் பாருலே. காரமே ஏறலைலே!”

“அவுகளுக்கு எப்படி ஏறும்? மொதப் பூ எறங்குற காலுல்ல அது. நம்ம காலு மாதிரி நாத்தக் காலுன்னு நெனச்சியா?”

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பதினாலு வயது. ஒரு மனிதனுக்கு வலிக்கவேண்டிய இடத்தில் வலிக்கவில்லை என்றால் பயப்படவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர யாரும் இல்லை.

முதல் பூ என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூக்குழி. நீளமாகக் குழி வெட்டி, கட்டை எரித்து, தணலைப் பரப்பி, அதில் நடந்து மறுகரையில் பால் ஊற்றிய சிறு குழியில் கால் வைப்பார்கள். முதலில் இறங்குகிறவர் முதல் பூக்காரர். மாமாவின் அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமை மாமாவுக்கு வந்தது. இதில் ஊர் இரண்டு விஷயம் நம்பியது. யாருக்காவது கால் சுட்டால் அவர் விரதத்தில் குறை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். முதல் பூக்காரருக்கே சுட்டால் அந்த வருஷம் மழை பெய்யாது, கண்மாய் நிரம்பாது. அதனால் என்ன நடக்கும்? சுட்டுக்கொண்டவன் எல்லாம் மறைப்பான். பூக்குழி முடிந்த வாரம் எங்கள் ஊரில் நொண்டுகிறவர்கள் அதிகம். கேட்டால், “முள்ளு குத்திருச்சு.” கொப்புளத்தோடு வயலுக்குப் போவான், சாணி மிதிப்பான், சீழ் வைத்த பிறகும் வாய் திறக்கமாட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் கும்பிடுகிறவள்தான். புண்ணைக் குற்றமாக்கி வைத்தார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

நான் நர்ஸ் படிப்புக்குப் போனபோது வீட்டில் எல்லாரும் தடுத்தார்கள். “கண்டவன் புண்ணத் தொடைக்கிற வேலையா?” என்று என் அப்பா கத்தினார். மாமாதான், “தொடைக்கிறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல மாப்ள” என்று சொல்லி என்னை பஸ் ஏற்றினார். எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையிலேயே எனக்கு வேலை கிடைத்தது. லீவு நாளில் ஊருக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள் மாமா கடைத்தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் டயர் செருப்பு இருக்கிறது. மறுகாலில் இல்லை. எதிரே வந்த டீக்கடைக்காரர், “என்ன மொதலாளி, ஒத்தச் செருப்பு வேண்டுதலா?” என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடினோம். நானூறு அடி தள்ளி, சாக்கடை ஓரம் கிடந்தது. அவ்வளவு தூரம் சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவே இல்லை. டீக்கடையில் ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. வார்டில் அந்த மாதிரி ஆட்களை அதற்குள் நான் பார்த்திருந்தேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீல மருந்தில் சிறுநீரைச் சொட்டுவிட்டுக் கம்பவுண்டர் கொதிக்க வைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. முற்றிய சர்க்கரை வியாதி. டாக்டர் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து இரண்டு பாதங்களிலும் தொட்டார். “தொடும்போது சொல்லுங்க” என்றார். பத்துப் பன்னிரண்டு இடத்தில் தொட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, “எப்ப தொடுவீக?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தக் கால்களை நான் காப்பாற்றினேன். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. யார் வீட்டிலும் செய்யலாம். தினமும் ராத்திரி படுக்கும் முன் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். ஈரம் நின்றால் அங்கே தோல் வெளுத்துப் பிய்யும், அந்த வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகும். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய். விரல் இடுக்குக்கு எண்ணெய் கூடாது. நகத்தை மூலையில் தோண்டாமல் நேராக வெட்டவேண்டும். ஆணியில் பிளேடு வைக்கக்கூடாது. காலில் ஊற்றும் சுடுதண்ணீரை முதலில் இன்னொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். செருப்பைக் காலில் போடும் முன் தட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுத் தடவவேண்டும். கடைசியாக, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். வலி சொல்லாததைக் கண்தான் சொல்லவேண்டும். அத்தை இதையெல்லாம் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். மாமாதான் கூச்சப்படுவார். “பொம்பள ஆளு காலப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா, தெருவுல பாத்தா சிரிக்க மாட்டானா?” அதற்கு அத்தை, “சிரிக்கட்டும். ஒங்க காலுல நாலு கருவேல முள்ளு புடுங்கியிருக்கேன், ஒண்ணாச்சும் ஒங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல, பேசாம நீட்டுங்க” என்பாள். குதிகால் வெடிப்பு மூடியது. அந்த இரண்டு பங்குனியும் கோயிலில் திருப்பணி நடந்ததால் பூக்குழி இல்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவது வருஷம் பூக்குழி என்று அறிவித்தார்கள். அதற்குள் மழை மூன்று வருஷமாகப் பொய்த்திருந்தது. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. மாமா வத்தல் கடையை மூடிவிட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தார். இறங்கவேண்டாம் என்று நான் கேட்டேன். அழுதேன். கடைசியில் அவர், “இந்த வருசம் நான் எறங்கலம்மா. தம்பி மகன் எறங்கட்டும். நானே போயிக் கமிட்டியில சொல்லிட்டு வாரேன்” என்று துண்டைப் போட்டுக்கொண்டு போனார். சொன்னார். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தலைவரே. அவர் உங்களிடம்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் கமிட்டியிலிருந்து ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் லீவில் இருந்தேன். செயலாளர்தான் பேசினார்.

“அண்ணாச்சி, நீங்க எறங்கலைன்னா நான் ஊருக்கு என்ன பதில் சொல்ல? மூணு வருசமா வானம் தொறக்கல. இப்பப் போயி மொதப் பூக்காரர மாத்துனா, ‘அவுகளுக்கே பயம் வந்துருச்சு’ன்னு பேசுவான். ஒரு பய விதைக்க மாட்டான்.”

“எனக்குச் சக்கர, தம்பி. காலு மரத்துப் போச்சு” என்றார் மாமா.

“மரத்துப் போச்சுன்னு யாரு சொன்னா? அம்மன் ஒங்க காலக் குளிர வச்சிருக்கா. ஊரே அதத்தான சொல்லுது!”

நான் குறுக்கே போய், உணர்ச்சி இல்லாத கால் நெருப்பில் என்ன ஆகும் என்று சொன்னேன். சுடுவது தெரிந்தால்தான் ஒருவன் வேகமாக நடப்பான். இவருக்குத் தெரியாது, நின்று நிதானமாக நடப்பார், வெந்துபோகும், வெந்தது ஆறாது என்று சொன்னேன். செயலாளர் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தே சொன்னார்: “நர்ஸம்மா நாலு பேரு புண்ணத் தொட்டுட்டு வாரவுக. காப்புக் கட்டுனதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள வராம இருந்தாச் சரி.”

மாமா தலையாட்டிவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். தெருவில் போனால் ஒவ்வொருவனும் வானத்தைக் காட்டி அவரைக் கேட்கிற ஊரில் அவர் வேறு என்ன செய்வார்? காப்புக் கட்டிய நாளிலிருந்து செருப்பு கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு. இங்கிலீஷ் மருந்து விரதத்துக்கு ஆகாது என்று மாத்திரையையும் நிறுத்தினார்கள். உள்ளங்காலைப் பார்க்க அத்தைக்கு அனுமதி இல்லை, பெண் கை படக்கூடாதாம். இரண்டு வருஷம் நாங்கள் கட்டிக் காத்ததைப் பத்தே நாளில் அவிழ்த்துவிட்டார்கள்.

பூக்குழி அன்று நான் பால்குழிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். வெயில் ஏறியிருந்தது. தணலின் அனல் இருபது அடி தள்ளி நின்றவர்களின் முகத்தைக் காய்ச்சியது. மேளம், குலவை. மாமா இறங்கினார். மற்றவர்கள் எல்லாரும் ஓடுகிற ஓட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். மாமா நடந்தார். களத்தில் வத்தல் கிளறுகிற நிதானத்தில் நடந்தார். நடுவில் ஒரு முறை நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் அலறியது. பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். “நிக்கிறாக பாரு! நெருப்புல நிக்கிறாக!” நான் “ஓடுங்க மாமா” என்று கத்தினது யாருக்கும் கேட்கவில்லை. பால்குழியில் கால் வைத்து மேலே ஏறினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்தார். நான் அவருடைய காலைப் பார்த்தேன். வலது பாதத்தில் கொப்புளம்தான். இடது பாதத்தின் ஓரம் வெள்ளையாக, மெழுகு போல இருந்தது. கொப்புளம் வந்தால் கூடப் பிழைக்கலாம். வெள்ளையாகப் போனால் தோல் ஆழம் வரை வெந்துவிட்டது என்று அர்த்தம். “ஒண்ணுமில்லைல்ல தாயி?” என்று கேட்டார். தன் கால் சுட்டதா இல்லையா என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் அவரால் தெரிந்துகொள்ள முடிந்தது. என் முகத்தைப் பார்த்தார், தெரிந்துகொண்டார்.

இனிமேல் சொல்வதில் என் பங்கும் இருக்கிறது. அன்று சாயந்தரம் வயர்கூடையில் பூவுக்கு அடியில் பஞ்சும் காஸும் மருந்தும் மறைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். புண்ணைக் கழுவி, சுத்தமாகக் கட்டுப் போட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் செயலாளர் வந்தார். ஊர் ஜனம் முதல் பூக்காரரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுத் திருநீறு வாங்க வரும், வழக்கம் அது. கட்டைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. கதவைச் சாத்தினார்.

“அவுருங்க.”

“அவுக்க முடியாது. சீழ் வைக்கும்.”

“எட்டாம் நாளு மஞ்சத் தண்ணி. அதுவரைக்கும் இந்தக் காலு ஊரோட காலு. மழைய நம்பி ஊரு ஒக்காந்திருக்கு, நீ ஒரு துணியச் சுத்தி அதக் கெடுத்துராத.”

நான் அசையவில்லை. மாமாதான், “அவுத்துரு தாயி” என்றார். அவிழ்த்தேன். வெந்த இடம் தெரியாமல் இருக்க மஞ்சளைக் குழைத்துக் கெட்டியாகப் பூசவேண்டும் என்றார்கள். பூசியது நான். மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்தக் கால் மேல் அன்று எத்தனையோ பேர் கை வைத்தார்கள், கண்ணில் ஒற்றினார்கள், குழந்தைகளைக் காலடியில் கிடத்தினார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு, தினமும் சாயந்தரம் பஸ்ஸில் வந்து, கூட்டம் கலைந்த பிறகு கழுவிக் கட்டுவேன். விடிந்ததும் அவிழ்ப்பார்கள். ஆறாம் நாள் அந்த அறையில் வாடை வந்தது. அத்தை மரிக்கொழுந்தை வாங்கி வந்து கட்டில் காலெல்லாம் கட்டினாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அடுத்த விரலும் நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் அருப்புக்கோட்டைக்குப் போய் வாடகைக் கார் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தேன். தெருமுனையில் செயலாளர் நின்றார். டிரைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். டிரைவர் பக்கத்து ஊர்க்காரர். என்னை இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

“நாளன்னைக்கு மஞ்சத் தண்ணி முடிஞ்சிரும். ரெண்டு நாளு பொறுக்க மாட்டியா?” என்று செயலாளர் கேட்டார்.

பொறுத்தோம். மஞ்சள் தண்ணி ஊற்றி, காப்பு அவிழ்த்த மறுநிமிஷம் மாட்டுவண்டியில் ஏற்றி, ரோட்டில் பஸ் பிடித்தோம். மதுரையில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் என்னிடம் சொன்னார்: “ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்.” முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஊரில் கமிட்டிக்காரர்கள் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் மழை பெய்தது. எங்கள் ஊர் அதுவரை பார்க்காத மழை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. கமிட்டி மேளம் அடித்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்ப் பூசை வைத்தது. மாமா வீட்டுக்குள் கட்டைக் காலோடு உட்கார்ந்து அந்த மேளத்தைக் கேட்டார். அவரைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. முதல் பூக்காரரின் கால் சுட்டும் மழை பெய்ததே, அப்படியென்றால் அந்த நம்பிக்கை பொய்தானே என்று கேட்கக்கூட முடியாது. கால் சுட்டதே ஊருக்குத் தெரியாதே!

ஆனால் மாமாவுக்குத் தெரியும். அவர் அந்த ஊர்க்காரர். சுட்டால் விரதத்தில் குறை என்று நம்பி வளர்ந்தவர். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். அந்த இரண்டு வருஷமும் தான் செய்த தப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்துவிடுவார். “ஏம்மா, அஞ்சாம் நாளு களத்துல ஒரு வாய் டீ குடிச்சேன், அதா இருக்குமோ?” “ஒரு நாளு ஒங்க அத்தை மேல கோவத்துல கத்திட்டேன்.” “கனவுல எதுவும் தப்பா வந்துச்சோ என்னமோ, ஞாவகமில்லையே.” நான் சர்க்கரை என்பேன், நரம்பு என்பேன், பஞ்சால் தொட்டது ஞாபகம் இருக்கிறதா என்பேன். தலையாட்டிக் கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இருந்தாலும் நான் எதுலதான் தப்புனேன் தாயி?” என்பார். காலை வெட்டியதற்குக்கூட நான் இவ்வளவு கோபப்படமாட்டேன். ஒரு நல்ல மனிதனைத் தன்னைத் தானே குற்றவாளி என்று நம்பிச் சாகவிட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கோபம். நீங்கள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “அண்ணாச்சி, ஒங்க மேல தப்பில்ல, நாங்கதான் ஒங்கள ஆஸ்பத்திரிக்குப் போக விடல” என்று சொல்லியிருந்தால் போதும். உங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஏழு வீடுதான்.

அவருடைய வலது கால் கொப்புளம் ஆறி, கடைசி வரை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இறந்த அன்று குளிப்பாட்டியவர்கள் சொன்னார்கள், குழந்தையின் கால் மாதிரி இருக்கிறது என்று. அது அத்தையும் நானும் செய்த வேலை. மாமாவுக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மலரைப் பார்த்ததும் தலைவருக்கு நான் போன் செய்தேன். அடையாளம் தெரிந்துகொண்டார். சிரித்தார். “விடுங்கம்மா, பழைய கதை. மாமாவுக்குப் பெருமதான செஞ்சிருக்கோம்” என்றார். இந்த வருஷம் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று கேட்டேன். முந்நூறுக்கு மேலே என்றார். அதில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று கேட்டேன். “அதெல்லாம் யாரு கேக்கா?” என்றார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சர்க்கரை என்று தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. இன்றைக்கு எந்த வீட்டில் மாத்திரை டப்பா இல்லை? உங்கள் மலரின் பின்னட்டையிலேயே ஒரு சர்க்கரை ஆஸ்பத்திரியின் விளம்பரம் இருக்கிறது. இறங்குகிறவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து உள்ளங்காலில் தொட்டுப் பார்க்க ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. தெரியவில்லை என்கிறவரை வெளியே நின்று கும்பிடச் சொல்லுங்கள். சுட்டுக்கொண்டவர் கூசாமல் வந்து கழுவிக் கட்டிக்கொள்ளப் பந்தலில் ஒரு நர்ஸை உட்கார வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். எழுபத்தைந்து வயதிலும் எனக்குக் கை நடுங்காது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் செய்ததை எழுதிவிட்டேன். வெந்த காலில் மஞ்சளைப் பூசி மறைத்தவள் நான், படித்தவள், தெரிந்தே செய்தவள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இனி உங்கள் முறை. காப்புக் கட்டும் அன்று ஊர் முழுக்கக் கோயில் முன்னால் கூடும். நீங்கள் மைக்கைப் பிடிப்பீர்கள். எப்போதும் பிடிக்கிறவர்தானே. அன்று, கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, அவர் இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டே செத்துப்போன அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் தலைவரே: என் மாமா எதில் தப்பினார்?